ஏற்காட்டில் பழகிய கால்களுக்குக் குல்மார்க் பனிக்காடு: ஸ்னோஷூ நடைக்கு எப்படித் தயாராவது?

கன்னங்குறிச்சி நடையாளர்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரிக் கடைசியில் நானும் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறோம். பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும் எண்ணம் இல்லை. கேபிள் காரில் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவதிலும் விருப்பம் இல்லை. ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்கப் பூட்சின் அடியில் கட்டும் அகலமான சட்டம்) கட்டிக்கொண்டு, பனி மூடிய ஊசியிலைக் காட்டுக்குள் ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும். இந்த ஓர் ஆசைக்காகத்தான் பயணமே.

எங்களுக்குத் தெரிந்த மலை சேர்வராயன் மட்டும்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஏறும் பாதை, குப்பனூர் பக்கம், சேர்வராயன் கோயில் உச்சி, கரடியூர் காட்சிமுனை என்று வருடக்கணக்காக நடந்துவருகிறோம். மார்கழி மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியாமல் போகும்போதும் நடந்திருக்கிறோம். ஆனால் ஏற்காட்டுக் குளிர் என்பது சுவெட்டர் ஒன்றோடு தீர்ந்துவிடும் குளிர். உறைபனியில் நாங்கள் கால் வைத்ததே இல்லை.

சேலத்தில் இருந்துகொண்டே எதை எதைப் பழகலாம், எதைப் பழக முடியாது, அங்கே போனபின் எதற்கு அஞ்ச வேண்டும்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். எனக்கு வயது 52, மனைவிக்கு 48. மூவருக்கும் மூட்டுவலி, இதய நோய் எதுவும் இல்லை.

மொன்றியால் மாங்கனி

அண்ணா, வணக்கம். பிறந்து வளர்ந்தது அம்மாபேட்டை, இப்போது கனடாவின் மொன்றியாலில் வேலை. இங்கே குளிர்காலத்தில் வார இறுதி நடை என்றாலே எங்கள் வீட்டில் ஸ்னோஷூதான். ஊர் நடுவிலேயே மோன் ரோயால் என்ற குன்று இருக்கிறது. உயரம் 233 மீட்டர். நம் சேலம் நகரத் தரையே கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அவ்வளவு சிறிய குன்றுதான், ஆனாலும் பனி விழுந்துவிட்டால் அதைச் சுற்றி வருவது நல்ல வேலை. 1840-களிலேயே இந்த ஊரில் ஸ்னோஷூ சங்கம் அமைத்துத் தீப்பந்தம் பிடித்தபடி இரவில் இந்தக் குன்றின்மேல் நடந்திருக்கிறார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இங்கத்துப் பூர்வகுடிகளான இன்னு, கிரீ, வெண்டாட் மக்கள் ஆஷ் (ash) என்ற மரத்தை நீராவியில் வளைத்துச் சட்டமாக்கி, பதப்படுத்தாத தோல்வாரை வலையாகப் பின்னி இதைச் செய்துவந்தார்கள். வேட்டைக்கும் பயணத்துக்கும் குளிர்காலத்தில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. இன்று நாம் கட்டுவது அவர்களின் கண்டுபிடிப்பைத்தான். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பின்னால் சேர்ந்தவை.

இதன் கணக்கு எளிது. நடுத்தர அளவு பூட்சின் அடிப்பரப்பு ஏறத்தாழ 280 சதுர செ.மீ. 25 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்ட ஸ்னோஷூவில் வளைந்த முனைகளைக் கழித்தால் 1,100 சதுர செ.மீ.க்குச் சற்று மேல் நிற்கும். அதே எடை நான்கு மடங்கு பரப்பில் விழுகிறது. அதற்காகப் புதுப்பனியில் காலே இறங்காது என்று எண்ண வேண்டாம். கணுக்கால்வரை, சில இடங்களில் முழங்கால்வரைகூட இறங்கும். ஸ்னோஷூ இல்லாவிட்டால் அதே இடத்தில் இடுப்புவரை போய்விடுவீர்கள். உங்கள் எடையோடு முதுகுப்பையின் எடையையும் கூட்டித்தான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடை பற்றி: கால்களைச் சற்று அகட்டி வையுங்கள், இல்லையென்றால் ஒரு சட்டத்தின் விளிம்பை மற்றொரு கால் மிதித்துவிடும். விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். பின்னோக்கி அடி எடுக்கவே கூடாது, ஸ்னோஷூவின் பின்முனையான வால் பனியில் குத்திக்கொள்ளும். திரும்ப வேண்டுமென்றால் பெரிய வட்டமாக நடந்து திரும்புங்கள். ஏறும்போது முன்பாதத்தின் கீழே இருக்கும் இரும்புப் பற்களைப் பனியில் உதைத்துப் பதிக்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் தூக்கிவிடும் கம்பி ஒன்று இருக்கும், செங்குத்தில் அதை நிமிர்த்தினால் கெண்டைக்கால் தப்பிக்கும். இறங்கும்போது முழங்காலை மடக்கி மெதுவாக வாருங்கள். இரண்டு கைத்தடிகள் கட்டாயம், அவற்றின் அடியில் அகலமான வட்டத் தட்டு இருக்க வேண்டும். மிதிபட்டு இறுகிப்போன பாதையில் ஸ்னோஷூ வெறும் சுமை. அங்கே கழற்றிவிட்டு, பூட்சின்மேல் மாட்டும் முள் சங்கிலியே போதும்.

முன்னால் புதுப்பனியை மிதித்துப் பாதை போட்டுக்கொண்டு போகிறவருக்குத்தான் எல்லா உழைப்பும். மூவரும் மாறி மாறி முன்னே போங்கள். ஏற்காட்டுப் பாதையில் உங்கள் வேகம் எதுவோ, அதில் பாதிகூட இங்கே வராது. நாள் முழுக்க என்ற திட்டத்தை முதல் நடையில் வைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் போதும்.

நாகலூர் தோட்டம்

கன்னங்குறிச்சியாருக்கு வணக்கம். நான் காப்பித் தோட்டக்காரன், பனி பற்றிப் பேச மாட்டேன். பழகும் இடம் பற்றி மட்டும் சொல்கிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறினால் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். கால்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி சேலத்துக்காரருக்கு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் காப்புக்காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்ததற்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. இறுகியதும் சரிதான். அனுமதி கிடைக்காத வாரங்களில் ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில்வரை சாலையோரமாகவே போய் வரலாம்.

சூரமங்கலம் பட்டறை

ஐயா, எனக்கு லேத் பட்டறை. படத்தில் பார்த்தால் இது வளைத்த அலுமினியக் குழாய், அதன்மேல் இழுத்துக் கட்டிய ஷீட், நடுவே ஒரு கீல், கீழே பற்கள். அவ்வளவுதான். ஒரு ஜோடி செய்ய எனக்கு இரண்டு நாள் போதும். வெளிநாட்டுப் பொருளுக்கு ஏன் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்? ரெக்சின் ஷீட் போட்டு, எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டில் பல் வெட்டித் தருகிறேன். மூன்று ஜோடி கேளுங்கள், கூலி வேண்டாம், பொருள் விலை மட்டும் கொடுங்கள்.

மொன்றியால் மாங்கனி

பட்டறை அண்ணா, உங்கள் மனசுக்கு நன்றி. செய்ய முடியும் என்பதிலும் சந்தேகம் இல்லை, இங்கே வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன பொருள்களில் இரண்டை மாற்ற வேண்டும். ரெக்சின் என்பது பி.வி.சி. பூசிய துணி. சாதாரண பி.வி.சி. கடுங்குளிரில் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். அதற்குப் பதில் குளிர் தாங்கும் ரப்பர் பூசிய நைலான் துணி வேண்டும். அடுத்தது பற்கள். எம்.எஸ். போன்ற கார்பன் எஃகு வெப்பநிலை குறையக் குறைய நொறுங்கும் தன்மை பெறுகிறது, துருவும் பிடிக்கும். நம் ஊரிலேயே உருட்டுகிறார்களே, 304 ரக ஸ்டெயின்லெஸ், அது குளிரிலும் உறுதி குறையாது. அலுமினியமும் அப்படியே. குழாயை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் மட்டும் வலு குறையும், அதனால் இணைப்பை உள்ளே செருகி ரிவெட் அடிப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது அந்தக் கீல். கால் முன்னே சாயும்போது பல் பனியில் இறங்க வேண்டும், அடி எடுக்கும்போது வால் தானாகத் தொங்கிப் பனியை உதறிவிட வேண்டும். கீல் ஒரு விரல் அளவு முன்பின்னாக இருந்தாலும் நடை கெட்டுவிடும். காட்டுக்குள் ஒரு மணி நேரத் தொலைவில் கீல் முறிந்தால், வந்த வழியே இடுப்புப் பனியில் மிதித்துத் திரும்ப வேண்டும். முதல்முறை போகும் குடும்பத்தின் காலில் அதைச் சோதிக்க வேண்டாம். குல்மார்க்கில் வாடகைக்கே கிடைக்கிறது. நீங்கள் ஒரு ஜோடி செய்யுங்கள், படம் போடுங்கள், அதைத் தனி இழையாகவே பேசலாம். எனக்கு உண்மையிலேயே ஆர்வமாக இருக்கிறது.

ஐந்து ரோடு இளைஞர்

எல்லோரும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? காணொளிகளில் சின்னப் பிள்ளைகள்கூட ஸ்னோஷூ போட்டு நடக்கிறார்கள். நடக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. கேபிள் காரில் இரண்டாம் கட்டம்வரை போனால் அபர்வட் மலையில் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரம். அங்கிருந்து ஸ்னோஷூவில் இறங்கி வந்தால் ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிடலாம். கீழே மரங்களுக்கு நடுவே சுற்றுவதில் என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற சுபேதார்

தம்பி, பாரமுல்லா மாவட்டத்திலும் அதற்கு மேலேயும் பணி செய்தவன் நான். நீங்கள் சொன்ன யோசனையை யாரும் பின்பற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடக்கத் தெரிந்தால் போதும் என்பது சமதளத்துக்குச் சரி. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிவரை சாய்ந்த சரிவுகளில் பெயர்கிறது. உங்கள் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறத்தாழ அதன் கீழ் எல்லை. கண்ணுக்கு அது ஆபத்தாகவே தெரியாது. புதுப்பனி விழுந்து, அதன்மேல் காற்றும் அடித்து ஓய்ந்த முதல் ஓரிரு நாள்தான் மிகக் கெட்ட நேரம். அப்போதுதான் வானம் தெளிந்து, வெயில் அடித்து, எல்லோரையும் வெளியே அழைக்கும். அடியில் ஒரு நொய்ந்த பனி அடுக்கு இருந்தால், மேலே பலகைபோல் இறுகிப் படிந்த பனி முழுவதும் ஒரே நொடியில் கழன்று வரும். அதை மிதிக்க வேண்டும் என்றுகூட இல்லை, சரிவின் அடிவாரத்தில் நடந்தாலே மேலே முறியலாம். 2023-இலும் 2024-இலும் பிப்ரவரியில் குல்மார்க்கின் மேல்சரிவுகளில் வெளிநாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர்.

புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதற்குப் பிறகு மூச்சடைப்பால் வாய்ப்பு வேகமாகக் குறையும். வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேரும் நேரம் அல்ல இது. உடன் வந்தவர்தான் மீட்க வேண்டும். அதற்கு 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும், புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் தேடுகருவி, நீளக் குத்துக்கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், கையாளவும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயன் இல்லை. இவை இல்லாத குடும்பம் அபர்வட் பக்கம் ஸ்னோஷூவோடு போகக் கூடாது. ஸ்னோஷூ போட்டவர் பனிச்சறுக்குக்காரரைப் போல விலகி ஓடவும் முடியாது.

மரங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கன்னங்குறிச்சியார் தேடுவது முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆனால் காடு என்பதாலேயே பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். நெருங்கிய முதிர்ந்த தேவதாரு இனக் காடு நல்லது. நடுவே ஓர் அகலப் பட்டையில் மட்டும் மரமே இல்லாமலோ, இளமரம் மட்டுமோ, மேல்பக்கக் கிளைகள் முறிந்த மரங்களோ தெரிந்தால் அது பனிச்சரிவு இறங்கும் தடம். அங்கே நிற்காதீர்கள். இன்னொன்று, தாழ்ந்த கிளையுள்ள பெரிய மரத்தின் அடிக்குப் போகாதீர்கள். கிளை தடுப்பதால் தண்டைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தவரால் தானாக வெளியே வர இயலாது. ஒருவரையொருவர் பார்வையில் வைத்தே நடக்க வேண்டும்.

குகை ஆசிரியை

சுபேதார் ஐயா எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். நான் உடற்பயிற்சி ஆசிரியை, கால்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்னோஷூவில் ஒவ்வோர் அடியிலும் காலோடு கூடுதல் எடையையும் மேலே ஒட்டிய பனியையும் தூக்குகிறோம், அதுவும் வழக்கத்தைவிட உயரமாக. தொடையை மேலே இழுக்கும் இடுப்பின் முன்தசையும், கால் அகட்டி நடப்பதால் இடுப்பின் பக்கத் தசையும்தான் முதலில் சோரும். மலை ஏறிப் பழகியவர்களுக்குத் தொடையும் கெண்டைக்காலும் வலுவாக இருக்கும், ஆனால் இந்த இரண்டும் பெரும்பாலும் பழகியிருக்காது. மூக்கனேரிக் கரையில் முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அகட்டி நடந்து பழகுங்கள். பக்கவாட்டில் படியேறுங்கள். பையில் ஐந்தாறு கிலோ வைத்து ஏற்காடு ஏறுங்கள். இறங்கும்போது பஸ்ஸில் வந்துவிடாதீர்கள், இறக்கத்தில்தான் முழங்காலைத் தாங்கும் தசை பழகும். அக்காவுக்கும் மகளுக்கும் ஒரு வார்த்தை: குளிருக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். வறண்ட குளிர்காற்றில் மூச்சுவழியாகவே நிறைய நீர் போகும், தாகமும் தெரியாது.

கன்னங்குறிச்சி நடையாளர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சுபேதார் ஐயா, மேல்சரிவு எங்கள் திட்டத்தில் இல்லை, இனி இருக்கவும் இருக்காது. தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உச்சி பார்ப்பதற்காக நான் இவ்வளவு தூரம் போகவில்லை. சேர்வராயனிலும் கோயில் உச்சியைவிட அதற்குக் கீழே இருக்கும் சோலையில்தான் நாங்கள் அதிக நேரம் நிற்போம். காடு குளிர்காலத்தை எப்படித் தாங்குகிறது, பனியின்மேல் எந்த விலங்கின் தடம் எப்படிப் பதிகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்னோஷூவின் மெதுவான நடைதான் பொருத்தம்.

உடை பற்றிக் குழப்பம் தீரவில்லை. கடையில் திருப்பூர்த் தெர்மல் உள்ளாடை கனமாக, கதகதப்பாக இருக்கிறது. அது போதுமா? போய்ச் சேரும் வழியும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார்

லேபிளைப் பாருங்கள். பருத்தி என்று இருந்தால் ஹோட்டல் அறைக்கு மட்டும். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் நின்றவுடன் உடல் சூட்டை உறிஞ்சும். உடம்போடு ஒட்டியது மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் காற்றும் ஈரமும் புகாத மேலங்கி. திருப்பூரிலேயே பாலியெஸ்டர் ரகமும் கிடைக்கும். நடக்கத் தொடங்கும்போது சிறிது குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். ஒன்றைக் கழற்றிவிட்டுப் புறப்படுங்கள், நின்றால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். பனிக்காட்டில் வியர்வைதான் முதல் எதிரி.

விரல் தனித்தனியாக உள்ள கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறை சூடு. பூட்சுக்கும் கால்சட்டைக்கும் இடையே பனி புகாமல் கெண்டைக்கால் உறை. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள், நீர் மேலிருந்து உறையும், அப்போது மூடிப்பக்கம் திறந்திருக்கும். மூக்கு நுனி, காது, விரல் வெளுத்து உணர்ச்சி போனால் தேய்க்காதீர்கள், பனியைப் பூசவே பூசாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் சூடேற்றி மருத்துவரிடம் போங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும், மேகமூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி கழற்றக் கூடாது.

வழி: ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை சேலம் வழியாக ஜம்மு பக்கத்துக் கத்ரா போகிறது. 2025 ஜூனிலிருந்து கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. வட இந்திய மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், இடையில் ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள். ஸ்ரீநகர் 1,600 மீட்டரை ஒட்டி, குல்மார்க் 2,650. ஸ்ரீநகரில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். குல்மார்க் போன அன்று நடை வேண்டாம். தலைவலி, குமட்டல் இருந்தால் உயரத்தின் வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். குல்மார்க்குக்குக் கீழே உள்ள ஊரான தங்மார்க்கிலிருந்து மேலே சக்கரச் சங்கிலி போட்ட வண்டியில்தான் போக முடியும். உங்கள் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். சில்லாய் கலான் எனப்படும் 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்குகிறது, நீங்கள் அதன் வால் பகுதியில் போகிறீர்கள். இரவில் மைனஸ் 10-ஐ ஒட்டி இருக்கும். அறையில் கரி அடுப்போ எரிவாயு ஹீட்டரோ வைத்து ஜன்னலை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்காதீர்கள். நச்சு வாயுவால் தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் அங்கே பலர்.

நடைக்குக் குல்மார்க் புல்வெளிக் கிண்ணத்தைச் சுற்றியுள்ள வெளிவட்டப் பாதை நல்லது. கோடையில் 11 கிலோமீட்டர் சுற்று, பனியில் ஒரு பகுதி போதும். உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பனிச்சரிவு அறிவிப்பைக் காலையில் கேளுங்கள். வழிகாட்டி இன்று வேண்டாம் என்றால் அன்று வேண்டாம். மாலை 3 மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

கன்னங்குறிச்சி நடையாளர்

ஐயா, இதற்குமேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. குல்மார்க்கில் நான்கு இரவு தங்கும்படி திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் நாள் ஓய்வு, அடுத்த நாள் இரண்டு மணி நேரம், பிறகு வானிலையைப் பொறுத்து. ஒரு நாள் முழுக்கக் கெட்டுப்போனாலும் வருத்தம் இல்லை. ஸ்னோஷூ வாடகைக்கே. ஒரு கேள்வி மிச்சம்: நானும் மகளும் மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள். மூக்கை மூடினால் கண்ணாடி ஆவி படிந்துவிடுமே?

மொன்றியால் மாங்கனி

எனக்கும் அதே பாடுதான் அண்ணா. கழுத்துத் துணியை மூக்குக்குக் கீழே நிறுத்துங்கள், மூச்சு கண்ணாடிப் பக்கம் ஏறாது. ஏறும்போது வேகத்தைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். நின்றவுடன்தான் அதிகம் படியும். கண்ணாடிக்கு மேலேயே போடக்கூடிய பெரிய பனிக்கண்ணாடி கிடைக்கும், அதில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். உலோகச் சட்டம் தோலில் சுடும் அளவு குளிரும், பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் அதை எடுத்துப் போங்கள். மாற்றுக் கண்ணாடி ஒன்று உள் பையில் இருக்கட்டும்.

நாகலூர் தோட்டம்

கன்னங்குறிச்சியாரே, பயிற்சிக்கு எங்கள் பக்கம் வருவதாக இருந்தால் பொங்கலுக்கு முன் வாருங்கள். ஆனால் இப்போது காப்பிப் பறிப்பு நடக்கிறது, தோட்டப் பாதைகளில் காலையிலிருந்தே ஆட்களும் வண்டிகளும் இருப்பார்கள். காட்டெருமை விடியலில் தோட்டத்துக்குள் நிற்கிறது, வெளிச்சம் நன்றாக வந்தபின் ஏறுங்கள். மூடுபனி இருந்தால் பேசிக்கொண்டே நடங்கள், சத்தம் கேட்டு அது விலகிப் போகும். மேலே வந்ததும் எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பட்டறைக்காரரும் அந்த ஜோடியைச் செய்து முடித்திருந்தால் எடுத்து வரட்டும், எடையைத் தூக்கியாவது பார்ப்போம்.